‘திடீர்னு வந்துட்டான்’: ஆபத்தை முன்பே பார்க்கப் பழக எந்த வழி முதலில்?

லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்கா மகள் ஓட்டினாள், நான் பக்கத்து சீட்டில். ஓரமாக நிறுத்திவைத்த கார்களின் வரிசையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தோம். நான்காவது காரின் முன்சக்கரம் சாலைப் பக்கமாக மெல்லத் திரும்புவது எனக்குத் தெரிந்தது. “அந்தக் காரைப் பாரும்மா” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது மூக்கை வெளியே நீட்டிவிட்டது. அவள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி நின்றது, இன்ஜினும் நின்றுபோனது, சீட் பெல்ட் இருவர் தோளையும் இழுத்துப் பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. “பாத்தீங்களா சித்தி, திடீர்னு வந்துட்டான்!” என்றாள். குரல் நடுங்கியது.

கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரங்கட்டி, நடந்ததை ஒவ்வொன்றாகத் திரும்ப நினைத்துப் பார்த்தோம். அந்தக் காரின் ஓட்டுநர் சீட்டில் ஒரு தலை தெரிந்தது. பின்னால் பிரேக் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. அப்புறம் சக்கரம் திரும்பியது. அதற்கும் பிறகுதான் வண்டி நகர்ந்தது. இண்டிகேட்டர் போட மறந்தவர்கூட சக்கரத்தைத் திருப்பாமல் வரிசையை விட்டு வெளியே வர முடியாது. ஆக, மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் அந்த மனிதர் வந்திருக்கிறார். அவள் கண்ணில் ஒன்றுகூட விழவில்லை. அவள் கவனமில்லாமல் ஓட்டினாள் என்று சொல்லவே மாட்டேன். கழுத்து விறைக்கும் அளவுக்குக் கவனமாகத்தான் ஓட்டினாள். அந்தக் கவனம் முழுக்க பானட்டுக்குச் சற்று முன்னால் இருந்த தார்த்தரையிலும், ஓரத்துக் கார்களை உரசிவிடக் கூடாதே என்ற இடைவெளியிலும் போய்விட்டது.

புதிதாக ஓட்டுபவர்கள் அநேகமாக எல்லோருமே இப்படித்தான். மூரன்ட், ராக்வெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓட்டுநர்களின் கண் அசைவைப் பதிவு செய்து 1972இல் வெளியிட்டார்கள். புதியவர்களின் பார்வை வண்டிக்கு அருகிலேயே, குறுகிய பரப்பில் சுற்றியது. கண்ணாடிகளைப் பார்ப்பதும் குறைவாக இருந்தது. பழகியவர்களின் கண் தூரத்துக்கும் போனது, பக்கவாட்டிலும் போனது. கியரும் கிளட்சும் தானாக வரும்வரை மனத்தில் மிச்ச இடம் இருப்பதில்லை என்பது ஒரு காரணம். எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராதது இன்னொரு காரணம். இரண்டாவதைத்தான் நாம் சரிசெய்ய முடியும்.

அன்று மாலையே அவள் கேட்டாள்: இதை எப்படிக் கற்றுக்கொள்வது? தினமும் தனியாக ஓட்டினால் தானாக வந்துவிடுமா? போனில் வீடியோ பார்த்துப் பயிற்சி செய்யலாம் என்கிறார்களே, அது போதுமா? மறுபடியும் பணம் கட்டிப் பயிற்சியாளரிடம் போகலாமா? வழுக்குத் தரையில் வண்டியைச் சுழலவிட்டுக் கற்றுத்தரும் ‘அட்வான்ஸ்டு’ வகுப்பில் சேரலாமா? இல்லை, நீங்களே பக்கத்தில் உட்காருவீர்களா? அவளிடம் இருந்தது வார இறுதிகளும் கொஞ்சம் சேமிப்பும்தான். எல்லாவற்றையும் செய்ய முடியாது. அவளுக்காக யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இது புரிந்தால் எந்த வழி நல்லது என்று எடைபோடுவது சுலபம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. எதிர்பாராத ஒன்றைக் கண்டு, புரிந்துகொண்டு, காலை ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 21 மீட்டர் போயாயிற்று. காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, முழு பிரேக் போட்டு நிற்க இன்னும் 14 மீட்டர். மொத்தம் 35. அதே இடத்தை இன்னொருவர் கடக்கிறார். நின்றிருக்கும் பஸ்ஸைத் தூரத்திலேயே பார்த்து, ‘இதன் முன்பக்கமாக யாராவது இறங்கி வரலாம்’ என்று நினைத்து, வேகத்தை 40க்கு இறக்கி, காலைப் பிரேக்கின் மேல் தயாராக வைத்திருக்கிறார். அவருக்கு முக்கால் நொடி போதும், அதில் 8 மீட்டர். நிற்க 9 மீட்டர். மொத்தம் 17. இருவருக்கும் வண்டி ஒன்று, பிரேக் ஒன்று, கால் வேகமும் ஒன்று. தூரம் மட்டும் பாதியாகிவிட்டது. கடைசி நொடியில் பாய்ந்து பிரேக் போடும் சாமர்த்தியம் எவ்வளவு இருந்தாலும் இந்த 18 மீட்டரை அதனால் ஈடுகட்ட முடியாது.

எனவே நான் எந்த வழியையும் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன்: ஒன்று நடப்பதற்கு முன் ‘இது நடக்கலாம்’ என்று என்னை ஊகிக்க வைக்கிறதா? ஊகித்தது சரியா, எதையாவது விட்டுவிட்டேனா என்று உடனே தெரியவருகிறதா? இரண்டும் இருந்தால் அது பயிற்சி. இல்லாவிட்டால் அது கிலோமீட்டர் கணக்கு.

தனியாக ஓட்டி ஓட்டிப் பழகுவது பெரும்பாலானோர் போகும் வழி. செலவில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் விபத்து வாய்ப்பு உச்சத்தில் இருக்கிறது. அப்புறம் அது வேகமாகக் குறைகிறது. அனுபவம் கற்றுத்தருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்த ஆசிரியர் கட்டணம் வாங்குவதும் அதே முதல் மாதங்களில்தான்.

இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, சாலை பொய்யான பாடத்தையும் சொல்லித்தரும் என்பது. வீட்டுக்குப் போகும் வழியில் சுவர் மறைக்கும் ஒரு திருப்பம் இருக்கிறது. அதை 40இல் கடக்கிறீர்கள், யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஐம்பது நாள் வரவில்லை. ‘இங்கே யாரும் வர மாட்டார்கள்’ என்று மனம் எழுதிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் நீங்கள் செய்தது தவறுதான், ஆனால் சாலை ஒவ்வொரு முறையும் உங்களைப் பாராட்டி அனுப்பியிருக்கிறது. இருபது வருடம் ஓட்டியும் பஸ்ஸை உரசிக்கொண்டு முந்துபவர்களை நாம் பார்க்கிறோம் அல்லவா, அவர்கள் கற்றுக்கொண்டது இந்தப் பாடத்தைத்தான். தனியாக ஓட்டும்போது எதைப் பார்க்காமல் விட்டோம் என்பதைச் சொல்லவும் ஆள் கிடையாது. பார்க்காதது பார்க்காததாகவே போய்விடும்.

தனியாக ஓட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் வட்டத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சம், மழையில்லாத நேரம், தெரிந்த சாலை, வண்டியில் நண்பர்கள் கூட்டம் இல்லாமல். நியூசிலாந்து 1987இலேயே இதைச் சட்டமாக்கியது. முழு லைசென்ஸுக்கு முன் இரவு ஓட்டத்துக்கும் ஆட்களை ஏற்றுவதற்கும் கட்டுப்பாடு வைத்து, படிப்படியாகத் தளர்த்தும் முறை அது. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. சட்டம் கேட்காவிட்டாலும் முதல் ஆறு மாதம் நாமே நமக்கு அப்படி ஒரு விதி போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது வீடியோ. இதைச் சிலர் விளையாட்டு என்று ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிரிட்டனில் 2002 நவம்பர் முதல் லைசென்ஸ் எழுத்துத் தேர்வோடு ஆபத்தைக் கண்டறியும் தேர்வு ஒன்றும் இருக்கிறது. கார் ஓட்டக் கற்பவருக்கு 14 வீடியோ காட்டுவார்கள். அவற்றில் உருவாகிவரும் ஆபத்துகள் 15. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5 மதிப்பெண், ஆக மொத்தம் 75, தேற 44 வேண்டும். ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே மவுஸைச் சொடுக்கினால் 5 கிடைக்கும். தாமதிக்கத் தாமதிக்க 4, 3 என்று இறங்கி, கடைசியில் ஒன்றும் கிடைக்காது. சும்மா சொடுக்கிக்கொண்டே இருந்தால் அந்த வீடியோவுக்குச் சுழியம். இந்த மதிப்பெண் முறையில் எனக்குப் பிடித்தது, நேரத்துக்கு அது தரும் மரியாதை. ஆபத்தைப் பார்த்துவிட்டால் மட்டும் போதாது, எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கிறது.

வீடியோவின் பெரிய லாபம் செறிவு. மூன்று மாதம் ஓட்டினால் நாலைந்து முறை வரக்கூடிய சூழ்நிலையை ஒரு மணி நேரத்தில் இருபது முறை பார்த்துவிடலாம். தவறினால் யாருக்கும் காயமில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் புதியவர்களுக்காகக் கணினிப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். பாதசாரிகள் கடக்கும் கோட்டுக்கு முன்னால் ஒரு லாரி நிற்கிறது, அதன் மறைவிலிருந்து யார் வரலாம், எந்த இடத்தில் கண் இருக்க வேண்டும் என்று படத்தில் குறிக்கச் சொல்வார்கள். பயிற்சி எடுத்தவர்களின் கண், எடுக்காதவர்களின் கண்ணைவிட அந்த மறைவிடத்தை அதிகம் தேடியது. சாலையில் ஓட்டிப் பார்த்தபோதும் அது தெரிந்தது. கலிஃபோர்னியாவில் இளம் ஓட்டுநர்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த சோதனையில், பயிற்சி பெற்ற ஆண்களிடம் விபத்து குறைந்தது. பெண்களிடம் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. நான் இதைச் சொல்லும்போது அக்கா மகளின் முகம் போன போக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் அரை நாள்கூட ஆகாத ஒரு பயிற்சியால் பாதிப் பேருக்காவது பலன் கிடைக்கிறது என்றால் அதை நான் விட்டுவிட மாட்டேன்.

குறை என்ன? வீடியோவில் ஏதோ வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும். சாலையில் அப்படி யாரும் சொல்வதில்லை. திரை முன்பக்கத்தை மட்டும் காட்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வண்டி அதில் கிடையாது. சொடுக்குவது வேறு, வேகத்தை அளவாகக் குறைத்து வண்டியைச் சற்று விலக்கிக்கொள்வது வேறு. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: இணையத்தில் குவிந்துகிடக்கும் விபத்துத் தொகுப்புகளைப் பயிற்சி என்று நினைத்துப் பார்க்காதீர்கள். அதில் ஒவ்வொரு துண்டும் மோதலில்தான் முடியும். கண் மோதலுக்காகக் காத்திருக்கப் பழகுமே தவிர, மோதலுக்கு முந்திய ஐந்து நொடியைப் படிக்கப் பழகாது. சாதாரணமான, ஒன்றும் நடக்காத பயண வீடியோவை எடுத்து, நடுவில் நிறுத்தி, ‘அடுத்து என்னென்ன நடக்கலாம்’ என்று மூன்று சொல்லிவிட்டு ஓடவிடுங்கள். அது பத்து மடங்கு மேல்.

இனி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஓட்டுவது. இதற்கு ஸ்வீடனின் அனுபவம் ஒன்று உண்டு. 1993இல் அங்கே பயிற்சி தொடங்கும் வயதை பதினேழரையிலிருந்து 16ஆக இறக்கினார்கள். லைசென்ஸ் தரும் வயது 18ஆகவே இருந்தது. அந்தக் கூடுதல் காலத்தைப் பயன்படுத்திக்கொண்ட பிள்ளைகள் பெரியவர் துணையோடு சராசரியாகச் சுமார் 120 மணி நேரம் ஓட்டினார்கள். மற்றவர்களைவிட அது இரண்டு மடங்குக்கும் மேல். லைசென்ஸ் வாங்கிய பிறகு அவர்களுடைய விபத்து வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. துணையோடு அதிகம் ஓட்டியவர்களுக்கும் குறைவாக ஓட்டியவர்களுக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம். தனியாக ஓட்டும்போது சேரும் அதே அனுபவம்தான் துணையோடும் சேருகிறது, கட்டணம் மட்டும் மிகக் குறைவு.

ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும் ஆயிற்றா? “பிரேக்! பிரேக்!” என்று கத்துபவர் உட்கார்ந்தால், ஓட்டுபவர் அவருடைய கண்ணைக் கடன் வாங்கிக்கொள்வார். நானே முதல் வாரம் அப்படித்தான் இருந்தேன். நான் பார்த்தேன், நான் சொன்னேன், அவள் செய்தாள். அவள் கண் வளரவே இல்லை. அதற்குப் பிறகுதான் முறையை மாற்றினோம்: அவள் பேச வேண்டும், நான் கேட்க வேண்டும்.

பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது பிரிட்டன் போலீஸ் ஓட்டுநர் பயிற்சியில் நெடுங்காலமாக இருக்கும் முறை. எதைப் பார்க்கிறேன், அதனால் என்ன நடக்கலாம், நான் என்ன செய்யப்போகிறேன். இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் சொன்னது: “பஸ் நிக்குது. சிக்னல் பச்சை. பைக் போகுது.” அது வர்ணனை. பார்த்தது இருக்கிறது, ஊகம் இல்லை. மூன்றாவது வாரம் இப்படி மாறியது: “முன்னாடி பஸ் நிக்குது, கதவு தெறந்திருக்கு. எறங்குறவங்க முன்பக்கமா குறுக்கே வரலாம். கண்ணாடியில ஒரு பைக், என்னை முந்தப் பாக்குறாரு. கால் பிரேக்ல. கொஞ்சம் விலகிப் போறேன்.” இந்த ஒரு மூச்சுப் பேச்சில் ஊகம் இருக்கிறது, பின்பக்கக் கவனம் இருக்கிறது, முடிவும் இருக்கிறது. அவள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பது எனக்குக் கேட்கிறது. அவள் சொல்லாமல் விட்டது எது என்பதும் கேட்கிறது. வேறு எந்த வழியிலும் அது கிடைக்காது.

சொல்லச் சொல்ல, தேடுவதற்கும் ஒரு ருசி வந்துவிடுகிறது. பஸ்ஸுக்கு அடியில் இருக்கும் இடைவெளியில், மறுபக்கம் நிற்பவரின் கால்கள் தெரியும். சைக்கிளில் போகிறவர் பாதையில் தேங்கிய தண்ணீரை நெருங்கும்போது தலையை லேசாகத் திருப்பினால், அடுத்து உங்கள் பக்கமாக ஒதுங்கப் போகிறார் என்று அர்த்தம். முன்னால் போகும் காரின் கண்ணாடி வழியே அதற்கும் முன்னால் இருக்கும் வண்டியின் பிரேக் விளக்கு தெரிந்தால், உங்களுக்கு ஒரு நொடி முன்கூட்டியே சேதி வந்துவிட்டது. இரவில் வளைவுக்கு அப்பால் வரும் வண்டியைப் பார்ப்பதற்கு முன் அதன் வெளிச்சம் மரத்து இலைகளில் விழும். சாலையின் ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் குழந்தையும் நின்றால், நடுவில் வண்டி வருவது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. நாய் ஒன்று குறுக்கே ஓடினால் இரண்டாவதுக்காகக் காத்திருங்கள். எதிர்வண்டிக்காரர் வெளிச்சம் காட்டி ‘நீ போ’ என்று வழிவிட்டால், அவருக்குப் பக்கவாட்டில் வரும் டூவீலர்காரர் அதற்குச் சம்மதம் சொல்லவில்லை என்பதை மறக்காதீர்கள். இவற்றையெல்லாம் ஒரே நாளில் பட்டியலாக மனப்பாடம் செய்தால் நிற்காது. ஒவ்வொன்றையும் சாலையில் நேராகப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்த பிறகே அது நம்முடையதாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முறையைச் சோதித்திருக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி பெற்ற கற்றுக்குட்டிகள், பிறகு சிமுலேட்டரில் ஓட்டியபோது ஆபத்துக்கு முன்பே தயாரானார்கள். ஆனால் அதே வட்டாரத்தில் செய்த இன்னொரு ஆய்வில், பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ஆபத்தைக் கண்டுகொள்வது தாமதமாகிறது என்றும் தெரிந்தது. இரண்டும் உண்மைதான். பேச்சு பயிற்சிக்கு உதவும், அந்த நொடிக்குச் சுமை. ஆகவே நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: நெரிசல் வந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும், தெளிந்த பிறகு தொடரலாம். ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பத்து நிமிடத்திலேயே தொண்டையோடு மூளையும் களைத்துவிடும்.

யாரை உட்காரவைப்பது என்பதில் தயவுசெய்து கறாராக இருங்கள். வீட்டில் அதிக வருடம் ஓட்டியவர் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கூப்பிடாதீர்கள். அவர் ஓட்டும்போது நீங்கள் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடிக்கடி திடீர் பிரேக் போடுகிறாரா? ஹாரனை நம்பி ஓட்டுகிறாரா? அப்படியென்றால் அவரிடம் வருடங்கள் இருக்கின்றன, கற்றுத்தர ஒன்றும் இல்லை. யாருடைய வண்டியில் உங்களுக்குத் தூக்கம் வருகிறதோ, அவரைக் கேளுங்கள்.

பணம் கட்டிப் போகும் பயிற்சியாளரைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணம்தான். அவர் பக்கம் தனி பிரேக் இருப்பது பெரிய பலம். அது இருப்பதால் புதியவரைச் சிக்கலான சந்திப்புகளுக்குத் தைரியமாகக் கூட்டிப்போகலாம். உறவுக்காரரிடம் வரும் கோபதாபமும் இருக்காது. ஆனால் பல இடங்களில் சொல்லித்தருவது தேர்வில் தேறுவதற்கு மட்டும். அக்கா மகள் கற்ற இடத்தில் ஒரே பாதையில்தான் கடைசிவரை ஓட்டவிட்டார்கள். எந்த இடத்தில் எந்த கியர் என்று அவளுக்கு அந்தப் பாதை மனப்பாடம். ‘அங்கே பார், இது நடக்கலாம்’ என்று ஒருநாளும் அவர்கள் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னமும் ஆற்றாமைதான். எனவே சேர்வதற்கு முன் நேராகக் கேட்டுவிடுங்கள்: எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருக்கிறது, பார்க்கச் சொல்லித்தருவீர்களா? நான் பேசிக்கொண்டே ஓட்டினால் கேட்டுத் திருத்துவீர்களா? ஒவ்வொரு நாளும் வேறு சாலையா? ‘சரி’ என்று சொல்பவர் கிடைத்தால் மூன்று நாலு வகுப்பு போதும், அந்தப் பணம் வீண் போகாது. முகத்தைச் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

வழுக்குத் தரை வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவளுக்கு அதில்தான் ஆசை அதிகமாக இருந்தது. சறுக்கும் வண்டியை மீட்கக் கற்றால் பாதுகாப்பு கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நார்வே அப்படி நினைத்துத்தான் வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பிறகு கணக்கெடுத்தபோது இளம் ஆண்களிடம் வழுக்குச் சாலை விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. மீட்கத் தெரியும் என்ற நம்பிக்கை வேகத்தைக் கூட்டிவிடுகிறது. முன்பே பார்க்கப் பழகியவருக்கு, இரண்டு வருடம் கழித்து, அது நல்ல துணைப் பாடமாக இருக்கலாம். மூன்று வாரத்தில் வேண்டாம்.

‘புது வண்டி வாங்கினால் அதுவே பிரேக் போடுமே’ என்று அக்கா சொன்னார். அந்தத் தொழில்நுட்பத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். தானாகப் பிரேக் போடும் வசதி முன்வண்டியின் பின்னால் போய் மோதும் விபத்துகளைப் பாதியளவு குறைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம். ஆனால் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஹெச்எஸ் 2022இல் வெளியிட்ட ஆய்வில், பாதசாரிகளைக் கண்டு நிற்கும் வசதி தெருவிளக்கு இல்லாத இருட்டுச் சாலையில் எந்த வித்தியாசமும் செய்யவில்லை என்று தெரிந்தது. நம் கண்ணுக்கு எங்கே உதவி அதிகம் தேவையோ, அங்கேதான் அது கைவிடுகிறது. மேலும், அந்தக் கருவி எதிரில் வந்துவிட்டதைக் காண்கிறது. பஸ்ஸுக்கு அப்பால் இருப்பதை அது ஊகிப்பதில்லை. வசதி இருந்தால் வாங்குங்கள். கற்பதற்குப் பதிலாக வாங்காதீர்கள்.

சரி, கடைசியில் என்ன முடிவு செய்தோம்? முதல் இரண்டு வாரம் இரவில் இருபது நிமிடம் வீடியோ, நிறுத்தி நிறுத்தி. எங்கே பார்ப்பது என்று கண்ணுக்கு ஒரு வரைபடம் கிடைக்க அது போதும். அதோடு சேர்த்து வார இறுதிகளில் என் துணையோடு, வாய்விட்டுச் சொல்லும் ஓட்டம். முதலில் தெரிந்த சாலை, அப்புறம் தெரியாத சாலை, அப்புறம் அந்தி நேரம், அப்புறம் மழை, இரவு. சேமிப்பில் நாலு வகுப்புக்கான பணத்தை எடுத்து, நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் நெரிசலான சந்திப்புகளுக்கு மட்டும். தனி ஓட்டம் இரண்டாவது மாதத்திலிருந்து, பகலில். முதல் இடம் எதற்கு என்று ஒரே வார்த்தையில் கேட்டால், வாய்விட்டுச் சொல்லி, பக்கத்தில் ஒருவர் கேட்டு ஓட்டுவதற்குத்தான். வீடியோ அதற்கு முன்னால் வரும் எழுத்துப் பயிற்சி மாதிரி.

என்னைப் போல வாரம் தவறாமல் உட்கார எல்லோருக்கும் ஒரு சித்தி கிடைக்க மாட்டார் என்பது தெரியும். அவர்களுக்கு அடுத்த நல்ல வழி, வண்டிக்குள் குரலையும் சேர்த்துப் பதிவு செய்யும் டாஷ்கேம். யாரும் இல்லாவிட்டாலும் பத்து நிமிடம் பேசிக்கொண்டே ஓட்டுங்கள், வீட்டுக்கு வந்து போட்டுப் பாருங்கள். படத்தில் ஒன்று தெரிந்த நொடிக்கும், உங்கள் குரல் அதைச் சொன்ன நொடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று எண்ணுங்கள். எதைச் சொல்லவே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டிப் பிரேக் போட்ட இடம் ஏதாவது இருந்தால் அதற்கு முந்திய ஐந்து நொடியை மூன்று முறை பாருங்கள். சேதி எங்கேயாவது இருக்கும்.

இதை அக்கா மகளும் செய்கிறாள், நான் வர முடியாத நாட்களில். ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறாள். ‘திடீர்’ என்று வாயில் வந்த ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் தேதி போட்டு எழுதி, பக்கத்திலேயே ‘எங்கே தெரிந்தது?’ என்று ஒரு வரி எழுதுவாள். முதல் மாதம் ஒன்பது திடீர். போன மாதம் இரண்டு. அதில் ஒன்றுக்கு எதிரே, படத்தை நாலு முறை பார்த்த பிறகு, இப்படி எழுதியிருக்கிறாள்: ‘லாரியின் அடியில் நிழல் அசைந்தது. 3 நொடி முன்பு.’